நாணயத்துக்குள் ஓர் உப்புநீர்த் தொட்டி

ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டும் பேடைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் நுங்குபோலக் குளிர்ந்து, பிசுபிசுவென்று ஒரு சிறு வட்டம் இருக்கும். அதுதான் ஹைட்ரோஜெல்.

உடம்புக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற அயனிகள். கம்பியில் ஓடுபவை எலக்ட்ரான்கள். இரண்டுக்கும் நடுவே தோலின் இறந்த மேலடுக்கு, வறண்டு கிடக்கிறது. இதயத்திலிருந்து அங்கே வந்து சேரும் துடிப்போ ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான். ஈரமும் உப்பும் இல்லாவிட்டால் அது வெளியே வராது. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஈசிஜியை உருவாக்கி, 1924-இல் நோபல் பரிசு பெற்ற ஐந்தோவன், நோயாளியின் இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தத் தொட்டிதான் இன்று நாணய அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பாலிமர் வலைக்குள் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஈரம் போகாமலிருக்கக் கிளிசரின். அடியில் வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் பூசிய தகடு. ஜெல்லிலிருந்து வரும் குளோரைடை வெள்ளி பிடித்துக்கொண்டு, கம்பிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கைமாற்று நடப்பது இங்கேதான்.

தண்ணீர்தான் இதன் உயிர். உறையைப் பிரித்துப் போட்டுவைத்தால் ஜெல் காய்ந்துவிடும், மானிட்டரில் கோடு நடுங்கும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பேடில் இது இன்னும் ஆபத்து: மின்சாரம் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் குவிந்து தோலைச் சுடும். அந்த உறைமேல் அச்சிட்ட காலாவதித் தேதியை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒட்டுவதல்ல, எடுப்பது. குறைமாதக் குழந்தையின் மேல்தோல் அவ்வளவு மெல்லியது. அழுத்தமான பசையை இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். பசை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று அளப்பவர்கள், எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பதையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு, பச்சிளங்குழந்தைகளுக்காக மார்பில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக, கம்பியே இல்லாத மெல்லிய உணரிகளைச் செய்து காட்டியது. கம்பியின் இழுவை இல்லாததால் அழுத்தமான பசையும் தேவைப்படவில்லை. பிள்ளையை அம்மா தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ளவும் வழி பிறந்தது.

எல்லா வார்டிலும் அது இல்லை. இல்லாத வார்டுகளில் நர்ஸ், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பேடின் ஓரத்தை ஊறவைத்து, தோலை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே தூக்காமல் பக்கவாட்டில் மெல்ல மெல்ல உரித்தெடுக்கிறார்.