ஸ்கேன் அறையில் ஏன் அசையக்கூடாது?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முடிந்து வெளியே வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு: “ஒருமுறை இருமியதற்காகவா முழுப் படத்தையும் மீண்டும் எடுத்தீர்கள்?” கேள்வி நியாயமானதே. வெளியே காத்திருக்கும் உறவினர்களோ, மீண்டும் எடுக்கிறார்கள் என்றால் ஏதோ பெரிய நோய் தென்பட்டுவிட்டது என அஞ்சுகிறார்கள்.

புகைப்படத்தில் குழந்தை கையை அசைத்தால் கை மட்டுமே மங்கும். எம்.ஆர்.ஐ. கருவி அவ்வாறு படம் பிடிப்பதில்லை. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள், வலிய காந்தத்தினுள் வெளியிடும் மெல்லிய ரேடியோ அலைகளை அது வாங்கிக்கொள்கிறது. அவை தலை முழுவதிலிருந்தும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. நாதஸ்வரமும் தவிலும் ஒருசேர ஒலிக்கும்போது தேர்ந்த காது ஒவ்வொன்றையும் பிரித்தறிகிறதல்லவா? அதைக் கணக்கால் செய்வதே ஃபூரியே உருமாற்றம். வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே, 1822-இல் வெளியிட்ட நூலில் இதற்கு அடித்தளமிட்டார். அதனைக் காந்த அதிர்வுப் படங்களுக்குப் பயன்படுத்தும் வழியை 1975-இல் வெளியிட்ட மூவருள் ஒருவர் நம் நாட்டவரான அனில் குமார் என்பது பலர் அறியாத செய்தி.

எந்த அலை எவ்விடத்திலிருந்து வந்தது என அறிய, கருவியிலுள்ள கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றுகின்றன. நீங்கள் கேட்கும் ‘தடதட’ இரைச்சல் அச்சுருள்கள் அதிர்வதால் எழுவதே. முப்பரிமாணப் படத்தில் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று திசைகளிலும் இக்கணக்கு நடைபெறும். சில நிமிடங்களில் பதிவாகும் பல்லாயிரம் எண்களில் எதுவும் படத்தின் ஒரு புள்ளிக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொன்றும் படம் முழுவதும் குறுக்கே ஓடும் ஓர் அலைக்கோலத்தின் அளவாகும்.

ஆகவே இடையில் தலை சற்றே திரும்பினாலும், முன்னர் பதிவானவையும் பின்னர் பதிவானவையும் பொருந்தாமல் போகின்றன. அசைந்த உறுப்பின் சாயல் அசையாத இடங்களிலும் நிழலாக விழுகிறது. சிறிய கட்டியொன்று அந்நிழலில் மறையலாம். இல்லாத ஒன்று இருப்பது போலவும் தோன்றலாம். பெரும்பாலும் மீண்டும் எடுப்பது இதனாலேயே. இதில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லாததால், மீண்டும் எடுப்பதால் கதிர்வீச்சு கூடுமோ என்ற அச்சமும் வேண்டாம்.

இருமல், முதுகுவலி, மூடிய இடத்தைப் பற்றிய பயம் ஆகியவை இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாலே பலருக்கு வலி குறைகிறது. இரைச்சல் நிற்கும் இடைவெளிகளில் இருமலாம், எச்சில் விழுங்கலாம். ஆனால் படுத்த நிலையை மாற்ற வேண்டாம். அடுத்த படமும் அதே நிலையை வைத்தே திட்டமிடப்பட்டிருக்கும். தாங்க இயலாதபோது கையில் கொடுத்துள்ள ரப்பர் பந்தை அழுத்துங்கள், உடனே வந்துவிடுவோம்.