பந்தயக் குதிரைகளின் கால் எலும்பு, மூட்டு நோய்களைக் கண்டறியும் படமெடுப்பு முறைகள்

முன்னுரை

மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் தோன்றியது முதல் கிண்டி, தென்னிந்தியக் குதிரைப் பந்தயத்தின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக விளங்கியது. பாய்ந்தோடும் குதிரையின் ஒரு முன்கால், உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.5 மடங்கு சுமையைத் தாங்குகிறது. இச்சுமை கெனான் எலும்பிலும் அதன் கீழமைந்த ஃபெட்லாக் மூட்டிலும் குவிகிறது. ஓட்டத்தில் நேரும் முறிவுகளுள் பல, நாள்தோறும் பயிற்சியில் சேர்ந்த நுண்சிதைவுகளின் முடிவாகும். அவற்றை முன்னரே காணும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊடுகதிர்ப் படமும் அதன் எல்லையும்

எலும்பு விரிசல், உடைந்த சில்லு, மூட்டோரப் புது எலும்பு வளர்ச்சி ஆகியவற்றை ஊடுகதிர்ப் படம் காட்டும். லாயத்திலேயே எடுக்கவும் இயலும். ஆயினும் எலும்பின் கனிமம் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு குறைந்த பின்னரே அவ்விழப்பு படத்தில் புலப்படும். தொடக்கநிலை மயிரிழை விரிசலும் தப்பிவிடலாம்.

பிற முறைகள்

தசைநாண் காயங்களை மீயொலிப் படம் காட்டும். எலும்பு ஸ்கேனில், சிரைவழிச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம் கலந்த மருந்து, எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் இடத்தில் மிகுதியாகச் சேரும். இதனால் பாதிப்புள்ள இடம் முன்கூட்டியே தெரியும். பாதிப்பின் தன்மை தெரியாது. அதனை எம்.ஆர்.ஐ. படம் பெரிதும் தெளிவுபடுத்தும்.

நொண்டும் இடத்தை வரையறுக்க நரம்பருகே மரப்பு ஊசி இடுவது வழக்கம். விரிசல் ஐயுறப்படின் இது தவிர்க்கப்படும். வலியறியாக் கால் முழுச் சுமையையும் ஏற்று முறியக்கூடும்.

முடிவுரை

முதல் ஊடுகதிர்ப் படம் இயல்பாக இருப்பது எலும்பு நலத்திற்குச் சான்றாகாது. நொண்டல் நீடிப்பின், குதிரைக்கு ஓய்வளித்து 10 முதல் 14 நாள்களுக்குப்பின் மீண்டும் படமெடுத்தலோ, எலும்பு ஸ்கேன் செய்தலோ இன்றியமையாதது. அதுவரை அதனைக் களத்தில் இறக்கலாகாது.