ஒற்றைக் காலை மட்டும் மழித்த ஐவர்

ரோமப் பேரரசர் அகஸ்டஸ் மீது எதிரிகள் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று வினோதமானது. அக்ரூட் ஓட்டைத் தணலாகக் காய்ச்சி, அதைக் கொண்டு கால் முடியைப் பொசுக்கிக்கொள்வாராம். மறுபடி வளரும் முடி மென்மையாக வரட்டும் என்பதற்காக! சொன்னவர் மார்க் ஆண்டனியின் தம்பி லூசியஸ். அதை எழுதிவைத்தவர், அகஸ்டஸ் இறந்து நூறாண்டு கழித்துப் பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ். அரசியல் வம்புதான், உண்மையென்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வம்பிலும் இரண்டு சேதிகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, காலை மழிக்கும் ஆண் அன்றைக்கும் கேலிப் பொருள்தான். ஜூலியஸ் சீசரையே இந்தப் பேச்சு விட்டுவைக்கவில்லை. உடம்பு முடியைப் பிடுங்கி எடுக்கிறார் என்று ஊர் குறை சொன்னதை அதே சூட்டோனியஸ் குறித்திருக்கிறார். குளியல் கூடத்துக்கு மேலே குடியிருந்த ரோமானியத் தத்துவஞானி செனகாவுக்கு வேறு தொல்லை. அக்குள் முடி பிடுங்கும் தொழிலாளி கீழே ஆள் பிடிக்கக் கூவுவான். ஆள் கிடைத்ததும் கூவுவது அந்த ஆளின் முறையாகிவிடும். இதைக் கடிதமாகவே எழுதியிருக்கிறார் மனிதர். இன்னொரு கடிதத்தில், கால் முடியையும் எடுக்கிறவன், அக்குள் முடியைக்கூட எடுக்காதவன் இருவரையும் ஒருசேரக் கடிந்துகொள்கிறார். அக்குள் வரை நாகரிகம், காலுக்கு இறங்கினால் அத்துமீறல். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் தகராறு. கோடு இல்லாத ஊர் கிடையாது.

இரண்டாவது சேதி உடலியல் பற்றியது. முடியை எடுத்தால், திரும்ப வருவது வேறு விதமாக வரும் என்று அகஸ்டஸ் காலத்தவர்கள் நம்பினார்கள். நாமும் நம்புகிறோம், நேர் எதிர்த் திசையில். குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போடும்போது, "அப்பத்தான் அடர்த்தியா வளரும்" என்று பாட்டி சொல்லாத வீடு அபூர்வம். மீசை அரும்பத் தொடங்கிய பையன் அப்பாவின் ரேசரைத் திருட்டுத்தனமாக எடுத்து மேலுதட்டில் ஓட்டிப் பார்ப்பதும் அந்த ஆசையில்தான். அதே வீட்டுப் பெண் காலில் ரேசர் வைக்கப் போனால், "வேண்டாண்டி, முரடா வளரும்" என்று தடுப்பார்கள். பையனுக்கு ஆசை காட்டும் வாக்கியமே பெண்ணுக்குப் பயம் காட்டுகிறது.

இந்த வாக்கியத்தை ஆய்வகத்துக்கு இழுத்து வந்தவர் மில்ட்ரட் டிராட்டர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடற்கூறியல் கற்பித்தவர். பிற்காலத்தில், இரண்டாம் உலகப் போரில் இறந்த சிப்பாய்களின் எலும்பை அளந்து அவர்களின் உயரத்தைக் கணிக்கும் சூத்திரம் தந்தவராக அதிகம் அறியப்பட்டார். அதற்கு முன்பே, 1928-இல், நான்கு ஆண்களைக் கட்டுப்பாடான முறையில் சவரம் செய்யவைத்து, விழுந்த முடிகளை நுண்ணோக்கியில் அளந்தார். தடிமன் கூடவில்லை, நிறம் கறுக்கவில்லை, வளரும் வேகமும் மாறவில்லை.

1970-இல் லின்ஃபீல்டு, மாக்வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐந்து இளைஞர்கள், ஆளுக்கு ஒரு காலை மட்டும் வாராவாரம் மழிக்க வேண்டும். மற்றக் காலைத் தொடக்கூடாது. பல மாதங்கள் இப்படி. ஒரு கால் வழவழப்பாகவும் மறுகால் இயல்பாகவும் அந்த ஐவர் நடமாடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் சோதனையின் அழகே அதில்தான் இருக்கிறது: ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே சாப்பாடு, வேறுபாடு ரேசர் ஒன்றுதான். கடைசியில் இரு கால்களிலும் முடியின் எடை, அகலம், வளர்ச்சி வேகம் மூன்றையும் ஒப்பிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை தோலுக்குக் கீழே இருக்கிறது. முடியை உற்பத்தி செய்வது மயிர்க்கால். வெளியே தெரியும் முடி, அது தயாரித்து வெளியே தள்ளிய உயிரற்ற கெரட்டின் புரதம். அதற்கு நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. மேலே ஒருவன் அறுத்துவிட்டான் என்ற சேதி கீழே போய்ச் சேர வழியே இல்லை. பிறகு ஏன் இரண்டு நாளில் சொரசொரக்கிறது? தீண்டாத முடியின் நுனி மெலிந்து கூராகிப் போகும், தொட்டால் வளைந்துகொடுக்கும். ரேசர் அதன் தடித்த நடுப்பகுதியில் வெட்டுகிறது. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது புரியும். ஆளுயரப் பயிர் குத்தாது, அறுத்த தாள் குத்தும்.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. தலைமுடி இடுப்பு வரை வளர்கிறது, கால் முடி ஒரு சில சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. மழித்தால் திரும்ப வளர்ந்து, பழைய நீளம் வந்ததும் மறுபடி நிற்கிறது. "போதும்" என்று அதற்கு யார் சொல்வது? யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் வளரும் பருவம், சுருங்கும் பருவம், ஓய்வுப் பருவம் என்று மூன்று கட்டங்கள் உண்டு. தலையில் வளரும் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டு நீள்கிறது, காலில் சில மாதங்களோடு சரி. காலம் முடிந்ததும் உற்பத்தி நிற்கிறது. ஓய்வு கழிந்து புது முடி கிளம்ப, பழையது உதிர்கிறது. மயிர்க்கால் நீளத்தை அளப்பதில்லை, நாளைத்தான் எண்ணுகிறது. நாம் மழிக்கும் நாளில் வளர்ந்துகொண்டிருந்தவை தம்பாட்டுக்கு வளர்கின்றன. ஓய்வில் இருந்தவை முறை வரும்போது எழுகின்றன. அவ்வளவுதான்.

பிடுங்குவது மட்டும் வேறு கதை. அது மயிர்க்கால் வரை எட்டும் காயம். 2015-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் செங்-மிங் சுவோங் குழு எலிகளின் முதுகில் 200 முடிகளைப் பிடுங்கியது. பரவலாகப் பிடுங்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. குறிப்பிட்ட நெருக்கத்தில் பிடுங்கியபோது, ஓய்வில் இருந்த பக்கத்து மயிர்க்கால்களும் சேர்ந்து விழித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிகள் கிளம்பின. காயம்பட்ட மயிர்க்கால்கள் இரசாயனச் சைகை விடுகின்றன, சைகை ஓர் அளவைத் தாண்டினால் அந்த வட்டாரமே எழுந்துகொள்கிறது. வழுக்கைத் தலையர்கள் உடனே இடுக்கியைத் தேட வேண்டாம். நடந்தது எலியில்.

மனிதன் முடி குறைந்த குரங்கு என்கிறோமே, எண்ணிக்கையில் அப்படியில்லை. நம் உடம்பில் ஏறத்தாழ 50 லட்சம் மயிர்க்கால்கள். அவற்றில் தலையில் இருப்பவை லட்சம் அளவில்தான். பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாத பூனைமுடியை விளைவிக்கின்றன. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் சுரந்து, அதிலிருந்து பிறக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், மார்பிலும் முகத்திலும் பூனைமுடியைக் கருத்த முடியாக்குகிறது. அதே ஹார்மோன் அதே ஆளின் உச்சந்தலையில் நல்ல முடியைப் பூனைமுடியாகச் சுருக்குகிறது. நாற்பது வயதில் தலை காலியாகிக் காதில் முடி முளைக்கும் அநியாயத்துக்கு இதுதான் காரணம்.

ஹார்மோனின் வேலையை ரேசரில் விழும் தூளை வைத்தே அளந்த ஒருவர் உண்டு. 1970-இல் 'நேச்சர்' இதழில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் தனித்தீவு ஒன்றில் வாரக்கணக்கில் தங்கி வேலை பார்த்த விஞ்ஞானி. தினமும் மின்சார ரேசரில் சேர்ந்த தாடித் தூளை நிறுத்துப் பார்த்திருக்கிறார். தீவில் இருக்கும்போது எடை குறைவு. ஊருக்குப் போய்த் துணையைச் சந்திக்கும் நாள் நெருங்கினாலே, சந்திக்கும் முன்பே, எடை ஏறியது. ஒரே ஒருவர் தன்மீதே செய்த கணக்கு, இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. பெயரை ஏன் மறைத்தார் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

அகஸ்டஸை வம்புக்கு இழுத்த காலத்திலிருந்து, காலை மழிக்கும் ஆணுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. நம்மூர் ஆணழகன் போட்டிக்காரரிடம் கேட்டால், தசையின் வெட்டு நடுவருக்குத் தெரிய வேண்டும் என்பார். அது நேர்மையான பதில். சைக்கிள் பந்தய வீரர்களின் பதில்தான் சுவாரசியமானது. ஐரோப்பியப் பந்தய உலகில் மழித்த கால் பல பத்தாண்டுப் பழக்கம். காரணம் கேட்டால் இரண்டு சொல்வார்கள்: விழுந்து சிராய்த்தால் காயத்தைச் சுத்தம் செய்யவும் பிளாஸ்திரி பிரிக்கவும் எளிது, பந்தயம் முடிந்து தினமும் மசாஜ் செய்யும்போது முடி இழுபடாது. காற்றுத்தடை குறையுமே என்று கேட்டால் அவர்களே சிரித்தார்கள். சிரிக்க ஆதாரமும் இருந்தது. 1987-இல் செஸ்டர் கைல் காற்றுச் சுரங்கத்தில் அளந்து, தடை 0.6 சதவீதம்தான் குறைகிறது என்றார். 40 கிலோமீட்டர் பந்தயத்தில் ஐந்து விநாடி வாக்கில் மிச்சம்.

2014-இல் கலிபோர்னியாவில் ஸ்பெஷலைஸ்டு சைக்கிள் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்துக்கு டிரையத்லான் வீரர் ஜெஸ்ஸி தாமஸ் வேறொரு வேலையாக வந்தார். கால் மழிக்கவில்லை. இருக்கட்டும் என்று அப்படியே ஒருமுறை அளந்துவிட்டு, மழிக்கச் சொல்லி மறுபடி அளந்தார்கள். தடை ஏழு சதவீதம் அளவுக்கு இறங்கியது. கருவியில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு மேலும் சிலரை வரவழைத்தார்கள். மொத்தம் ஆறு பேர். 40 கிலோமீட்டருக்கு 50 முதல் 82 விநாடி வரை மிச்சம்.

ஏழு சதவீதம் எப்படி ஒரு நிமிடமாகிறது? சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் தன் பலத்தின் பெரும்பகுதியைக் காற்றைத் தள்ளவே செலவழிக்கிறார். காற்றுக்கு எதிராகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். ஆகவே தடை ஏழு சதவீதம் குறைந்தால் வேகம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலேதான் கூடும். ஒரு மணி நேரப் பந்தயத்தில் இரண்டு சதவீதம் என்பது ஒரு நிமிடத்துக்கும் அதிகம், கணக்கு சரியாகவே இருக்கிறது. சைக்கிள் விற்கும் நிறுவனம் செய்த சோதனை, ஆறே பேர் என்பதை மறக்காமல் இதை வாங்கிக்கொள்ளலாம். வீரர்கள் வெளியே சொல்லிவந்த காரணத்தைவிட, அவர்களே நம்பாத காரணம் வலுவாக இருந்திருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. கூடவே தாடியையும் சோதித்தார்கள். தாடியால் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

நீச்சல்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜான் ஹென்ரிக்ஸ், மர்ரே ரோஸ் போன்ற ஆஸ்திரேலியர்கள் உடம்பை மழித்துக்கொண்டு குதித்துத் தங்கம் வென்றதிலிருந்து அது சடங்காகவே ஆனது. வேகம் உடம்பிலா, நம்பிக்கையிலா என்ற கேள்வியை 1989-இல் ரிக் ஷார்ப், டேவிட் காஸ்டில் இருவரும் புத்திசாலித்தனமாகப் பிரித்தார்கள். மழித்த பிறகு மார்பு நீச்சல் அடித்தவர்களின் ரத்தத்தில், உழைப்பைக் காட்டும் லாக்டேட் குறைந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் கடந்த தூரம் கூடியது. அடுத்து, கயிற்றில் கட்டி ஒரே இடத்தில் நீந்தவிட்டார்கள். அப்போது மாற்றமே இல்லை. மழித்த மகிழ்ச்சியில் வந்த உற்சாகம்தான் காரணம் என்றால், கட்டிப்போட்டபோதும் அது தெரிந்திருக்க வேண்டுமே. கடைசியாக, சுவரை உதைத்துவிட்டு அசையாமல் வழுக்கிப் போகச் சொன்னார்கள். மழித்தவர்களின் வேகம் மெதுவாகவே தேய்ந்தது. நீரின் இழுவைதான் குறைந்திருக்கிறது.

காயத்துக்கு நல்லது என்ற காரணத்தை மட்டும் ஆஸ்பத்திரிகள் வேறு மாதிரி அனுபவித்திருக்கின்றன. ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ரேசரோடு ஒருவர் கட்டிலருகே வந்து நிற்பது நம் ஊரில் பலருக்கும் நினைவிருக்கும். சுத்தத்துக்காக என்றுதான் செய்தார்கள். 1971-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எண்ணிப் பார்த்தது: ரேசரால் மழித்த நோயாளிகளில் 5.6 சதவீதம் பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. மழிக்காதவர்கள், கிரீம் பூசி முடி நீக்கியவர்களில் 0.6 சதவீதம்தான். ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுப்போகிறது, இரவோடிரவாகப் பாக்டீரியா அதில் குடியேறுகிறது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம், முடியை விட்டுவிடுங்கள், கட்டாயமென்றால் கிளிப்பரால் கத்தரியுங்கள், ரேசர் வேண்டவே வேண்டாம் என்று வழிகாட்டியது. பிளாஸ்திரி வலிக்காமல் பிரியும் என்று சைக்கிள்காரர் சொல்வது உண்மை. காயம் சுத்தமாக இருக்கும் என்பதற்கு இந்த எண்கள் சாட்சி சொல்லவில்லை.

அப்படியானால் இந்த முடி இருந்து என்ன பயன்? குளிருக்குப் போதாது, வெயிலுக்கும் போதாது. 2011-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இசபெல் டீன், மைக்கேல் சிவா-ஜோதி இருவரும் ஒற்றைக் கால் தந்திரத்தைக் கையில் செய்தார்கள். 29 தன்னார்வலர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் மட்டும் கொஞ்சம் இடத்தை மழித்து, பார்வையை வேறு பக்கம் திருப்பச் சொல்லி, பசித்த மூட்டைப்பூச்சிகளை மேலே விட்டார்கள். கடிப்பதற்கு முன் எடுத்துவிடுவதாக உறுதி. முடியுள்ள கையில் பூச்சி கடிக்க இடம் தேடிக் கூடுதல் நேரம் அலைந்தது. அலையும்போதே ஆள் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு மயிர்க்காலையும் நரம்பு நுனிகள் சுற்றியிருக்கின்றன, ஒரு பூனைமுடி சாய்ந்தாலும் மூளைக்குத் தகவல் போகும். இந்த விஷயத்தில் முடி அதிகமுள்ள ஆண்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கால் பளபளக்க மிதிக்கும் சைக்கிள்காரர்கள், புதுச்சேரியில் மலிவு லாட்ஜில் இரவு தங்குவதாக இருந்தால் மெத்தையை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.