கார்ட்டர் குடும்பத்தின் முதல் இசைத்தட்டுகள்

'கண்ட்ரி மியூசிக்' என்பதை 'நாட்டுப்புற இசை' என்று பெயர்த்துவிட்டு நாம் அமைதி அடைந்து விடுகிறோம். அப்பெயர்ப்பு முற்றும் பொருந்துவதன்று. ஆக்கியோன் பெயர் தெரியாமல், வாய்வழியே வந்து, விலைக்குப் போகாமல் வழங்குவதையே நாம் நாட்டுப்புறப் பாட்டு என்கிறோம். அமெரிக்கரின் கண்ட்ரி இசையோ இசைத்தட்டு வாணிகத்தோடு ஒட்டிப் பிறந்த ஒன்று. வாய்மொழிப் பாட்டு எவ்வாறு கடைச் சரக்காயிற்று, சரக்கான பின்பு அதற்கு உரியவர் யார் என்னும் வினாக்களை, ஒரு புதிய இசைக்குழுவின் முதல் இசைத்தட்டுகளை வைத்து ஈண்டு ஆராய்வோம்.

டென்னசி, வர்ஜீனியா என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோடு பிரிஸ்டல் நகரத்துக் கடைத்தெருவின் நடுவே செல்கிறது. தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், மறுபக்கம் இன்னொன்று. 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, டென்னசிப் பக்கத்தில் தொப்பியும் கையுறையும் செய்த ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் தங்கினார். ஒரு பாட்டுக்கு 50 டாலர் கூலி. தட்டு விற்றால் அதற்கு மேல் சிறு பங்கு. ஸ்டோன்மன் என்னும் பாடகர் முந்திய ஆண்டில் இசைத்தட்டுகளால் 3,600 டாலருக்கு மேல் பெற்றார் என்று உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியதும், மலைப்புறத்து மக்கள் திரண்டு வரலாயினர்.

வந்தவர்களுள் மூவர் கார்ட்டர் குடும்பத்தார். ஏ. பி. கார்ட்டர் பழமரக் கன்றுகளை ஊர் ஊராக விற்றவர். அவர் மனைவி சாரா. சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல், ஏ. பி.யின் தம்பியை மணந்தவர். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டு மருமக்களாயினர். தம்பியின் காரை இரவல் வாங்கி, ஏறத்தாழ 25 மைல் கரடுமுரடான பாதையில் கைக்குழந்தையோடு வந்தனர். மேபெலுக்கு அப்பொழுது 18 வயது, கருவுற்றிருந்தார். அடுத்த மாதமே தலைப்பிள்ளை பிறந்தது.

ஆகஸ்ட் 1ஆம் நாள் மாலை நான்கு பாட்டுகளும் மறுநாள் இரண்டுமாக ஆறு பாட்டுகள் பதிவாயின. அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணித்துளிப் பாட்டே அடங்கும். ஆகவே ஆறு பாட்டுக்கு மூன்று தட்டுகள். 'ஆல்பம்' என்ற சொல்லும் தட்டுகளை உறைகளில் செருகிப் புத்தகம் போலக் கட்டி வைத்த வழக்கத்திலிருந்து வந்ததே. கார்ட்டர் குடும்பத்தின் தட்டுகள் அவ்வாறு கட்டப்படவில்லை, தனித்தனியே வெளிவந்தன. ஆயினும், புதிய குழுவின் முதல் தொகுப்பு என்று இந்த ஆறையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

அக்குரல்களில் புதுமை என்ன? 1925 வரை பாடகர் பெரியதொரு கொம்புக் குழாயினுள் உரக்கப் பாடவேண்டும். அதன்பின் மின் ஒலிவாங்கி வந்தது. வீட்டுத் திண்ணையில் பாடுவது போலச் சாரா தம் கனத்த குரலை உயர்த்தாமலே பாட முடிந்தது. அக்குரலைக் கேட்ட அளவிலேயே தமக்கு உறுதி பிறந்துவிட்டதாகப் பீர் பின்னாளில் கூறியுள்ளார். மேபெலின் கிதார் வாசிப்போ இன்னும் வியப்புக்குரியது. கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை மீட்டி, மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் காட்டுவார். பாட்டுக்குப் பின்னே நின்ற கிதார் முன்னே வந்தது இத்தகைய வாசிப்பால்தான்.

இரண்டாம் நாள் ஏ. பி. வரவில்லை, பெண்கள் இருவருமே பாடினர். அன்று பதிவானவற்றுள் ஒன்று, மணமாகாத பெண்ணின் உரிமையையும் மணமானவளின் சுமையையும் எதிரெதிர் வைத்துப் பாடுவது. சாராவுக்கு அப்பாட்டில் விருப்பமில்லை; பீர் வற்புறுத்தவே பாடினார். சாராவும் ஏ. பி.யும் பிற்காலத்தில் பிரிந்தனர் என்பதை அறிந்து கேட்பவர்க்கு அப்பாட்டு வேறு விதமாகவே ஒலிக்கும்.

இனி, உரிமை பற்றிய செய்தி. பீர் நாடியது பாட்டுகளின் பதிப்புரிமையை. பழம்பாட்டை உள்ளபடியே பதிவு செய்தால் அதற்கு உரிமை கோர இயலாது. சொல்லையோ மெட்டையோ மாற்றிப் புதுப்பித்தால் கோரலாம். எனவே 'புதிய' பழம்பாட்டுகள் தேவைப்பட்டன. ஏ. பி. மலையூர்களில் அலைந்து அவற்றைத் திரட்டினார், திருத்தினார், தட்டுகளில் அவர் பெயரே ஆசிரியர் பெயராக அச்சாயிற்று. இதனைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். அவர் தேடியிராவிடில் பல பாட்டுகள் அழிந்திருக்கும். ஆனால் பாடிக் கொடுத்தவர் பெயர் மறைந்தது மெய்.

அவ்வாறு மறைந்தவருள் தலையாயவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார்க் கலைஞர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். 1928 அளவில் ஏ. பி.யைச் சந்தித்துப் பாட்டுத் தேடும் பயணங்களில் உடன் சென்றார். தாலாட்டோ ஒப்பாரியோ தொகுக்க முயன்ற ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும்: சொல்லைத் தாளில் எழுதிக் கொள்ளலாம், மெட்டு பிடிபடாது. ஏ. பி. சொற்களை எழுதினார், ரிடில் மெட்டுகளை நெஞ்சில் ஏந்தி வந்தார். மேபெலும் அவரிடம் கிதார் நுணுக்கங்கள் கற்றார். வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பட்டியல் போட்டுத் தட்டு விற்ற காலம் அது. பாட்டு அவ்வேலியைத் தாண்டியது, பெயர் தாண்டவில்லை.

மூவர் குழு 1943-இல் கலைந்தது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பேணத்தக்க ஒலிப்பதிவுகளின் முதற் பட்டியலில் பிரிஸ்டல் பதிவுகளைச் சேர்த்தது. ரிடிலை 1960களில் மைக் சீகர் என்னும் பாடகர் தேடிச் சென்று பாடச்செய்து பதிவு செய்தார். அப்பாட்டுகள் ரிடிலின் பெயரோடு ஓர் இசைத்தொகுப்பாக வெளிவந்தது 1993-இல். அப்பொழுது அவர் உயிரோடு இல்லை.