பழைய மெத்தையின் அசல் திரும்புமா?

பெங்களூரு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பொங்கல் நெருங்கினால் வீடுகளுக்கு வெள்ளையடிப்பதும் பழைய பொருள்களை வாசலுக்குக் கொண்டுவருவதும் அங்கும் வழக்கமே. அவற்றுள் எடை குறைந்ததாயினும் இடத்தை மிகுதியாக அடைப்பது ஃபோம் மெத்தை.

ஒரு தலைமுறைக்கு முன் மெத்தை என்றால் இலவம்பஞ்சுதான். பஞ்சு கட்டிதட்டிப் போனால் வெயிலில் உலர்த்தி, பிரித்து அடித்து, புது உறை தைத்து மீண்டும் விரித்துக்கொண்டோம். அமுங்கிப்போன ஃபோமுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மண்ணில் புதைத்தாலும் அது எளிதில் மட்குவதில்லை.

ஃபோம், பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக். ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஆட்டோ பேயர் என்னும் வேதியியலாளரின் குழு 1937-இல் இதனை உருவாக்கியது. பாலியால், டைஐசோசயனேட் என்னும் இரு வேதிப்பொருள்கள் இணைந்து பாலியூரித்தேன் ஆகின்றன. நம் நாட்டில் பாலியால் சென்னையை அடுத்த மணலியில் தயாராகிறது. மென்மையான ஃபோமுக்கு வேண்டிய டைஐசோசயனேட் குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் தயாராகிறது. வங்கி மொழியில் சொன்னால் இவையே மெத்தையின் அசல். மெத்தை குப்பைக்குப் போகும்போது அந்த அசல் முழுவதும் வாராக்கடனாகிவிடுகிறது.

பாக்டீரியாவின் கத்தரிக்கோல்

இந்தக் கடனை வசூலிக்கப் பாக்டீரியாக்கள் உதவக்கூடும். அவை சுரக்கும் நொதிகள், பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியைக் குறிப்பிட்ட பிணைப்புகளில் கத்தரிக்கின்றன. காலணி அடிப்பகுதிகளில் பயன்படும் பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனில் எஸ்டர் பிணைப்புகள் உள்ளன. இவற்றை வெட்டுவது எளிது. 1990-களிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள், மண்ணிலிருந்து எடுத்த கோமமோனாஸ் என்னும் பாக்டீரியாவில் இதற்கான நொதியைக் கண்டறிந்தனர். பெரும்பாலான மெத்தைகளோ பாலிஈதர் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் யூரித்தேன் பிணைப்பையே நேராக வெட்ட வேண்டும். அது மிகவும் உறுதியானது.

வெட்டிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. டைஅமினோடொலுயீன் போன்ற நச்சுப் பொருள்கள் வெளிப்படும். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், பிளாஸ்டிக் கழிவு குவிந்த இடத்திலிருந்து சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து 2020-இல் அறிவித்தனர். அந்த நச்சையே உணவாகக் கொண்டு அது வளர்கிறது.

2023-இல் அந்நாட்டின் கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழகம் சார்ந்த குழு, யூரித்தேன் பிணைப்பை வெட்டும் மூன்று நொதிகளை வெளியிட்டது. முதலில் ஃபோமை கிளைக்கால் வகைத் திரவத்தில் சூடாக்கிச் சிறு மூலக்கூறுகளாகக் கரைக்கிறார்கள்; பின்னர் நொதி அவற்றை வெட்டுகிறது. கிடைக்கும் அமீன்களைப் பிரித்தெடுத்தால், அவை மீண்டும் டைஐசோசயனேட் தயாரிக்கும் மூலப்பொருளாகும். நச்சுத்தன்மை கொண்ட அமீன் மூடிய கலனுக்குள் இருக்கும்வரை அது அசல். மண்ணில் கசிந்தால் கேடு. ஆகவே குப்பைமேட்டில் பாக்டீரியாவைத் தூவி விடுவது தீர்வாகாது. மெத்தைகளைத் தனியே சேகரித்து ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் நிறுவனத்தில் மற்றொரு வழி ஆராயப்பட்டுள்ளது. ஆமணக்கு எண்ணெய், பயிர்த் தாளிலிருந்து எடுத்த செல்லுலோஸ், டைஐசோசயனேட் ஆகியவற்றை இணைத்து, மட்கக்கூடிய தாள்களைச் செய்யும் முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் 2022-இல் அறிவித்தனர். பைகளுக்கும் கொள்கலன்களுக்கும் ஏற்றது இது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை

முதலாவது, போகித் தீயில் ஃபோமைப் போடாதிருப்பது. எரியும் பாலியூரித்தேன், கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் வெளியிடுகிறது. குறுகிய தெருவில், பனி கவிந்த விடியற்காலையில், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் தீயைச் சுற்றி நிற்கும் நம் குழந்தைகளே.

இரண்டாவது, கெடாத பகுதியை வெட்டி இருக்கைத் திண்டாகவோ தலையணையாகவோ தைத்துக்கொள்வது. எஞ்சியதை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் மாநகராட்சி ஊழியர்களிடம் தனியே ஒப்படைப்பது நலம்.

மூன்றாவது, புதியது வாங்குமுன் பழைய மெத்தையைத் திரும்பப் பெறுவார்களா எனக் கடையில் கேட்பது. இலவம்பஞ்சு மெத்தையையும் விலை விசாரித்துப் பார்க்கலாம். கடன் வாங்குமுன் திருப்பிச் செலுத்தும் வழியை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பழக்கம்தானே. பொருள் வாங்கும்போதும் அவ்வாறே எண்ணிப் பார்ப்போம்.