ஆவியில் வெந்த முட்டை

முட்டையை வேகவைப்பதற்குப் பாகசாஸ்திர ஞானம் எதுவும் தேவையில்லை என்பது பொதுவான எண்ணம்; அடுப்பில் ஒரு பாத்திரமும், அதில் முட்டை மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும், கால் மணி நேரப் பொறுமையும் இருந்தால் எவரும் செய்துவிடக்கூடிய காரியம் என்றே அதை நாம் கருதி வந்திருக்கிறோம். ஆனால் குழம்புக்கோ பிரியாணிக்கோ ஒரு டஜன் முட்டையை வேகவைத்து இறக்கி, அவற்றை உரிக்க உட்காரும்போதுதான், அந்த எண்ணம் எவ்வளவு மேலெழுந்தவாரியானது என்பது விளங்குகிறது. ஓட்டோடு சவ்வும், சவ்வோடு வெள்ளைக்கருவும் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்து, வழவழவென்று இருக்க வேண்டிய முட்டை மேடும் பள்ளமுமாகி, விருந்தினர் இலையில் வைப்பதற்கே கை கூசும்படி ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான முட்டைகளை உரிக்கும் பெண்களுக்கு இந்தச் சிரமத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும் மின்சாரப் பிரஷர் குக்கரில் வேகவைத்த முட்டை சிரமமின்றி உரிகிறது என்று அதை உபயோகிப்பவர்கள் சந்தோஷத்தோடு சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அழுத்தம் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லும்போதுதான், விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது. அழுத்தத்தின் பங்கு இதில் சொற்பம் என்பதும், பெரும்பங்கு சாதாரணமான நீராவிக்கே உரியது என்பதும் என் அபிப்பிராயம். ஏன் அப்படி என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், அந்தச் சாதனத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

பிரான்ஸ் தேசத்தில் ப்ளுவா என்னும் ஊருக்கு அருகில் 1647-ல் பிறந்த டெனி பாப்பின் என்ற பௌதிக அறிஞர், லண்டனில் இருந்த காலத்தில், 1679-ஆம் ஆண்டு, இறுக மூடிய உலோகப் பாத்திரம் ஒன்றில் தண்ணீரை அடைத்துக் கொதிக்கவைத்தால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் மிகுந்து, நீரின் கொதிநிலையே உயர்ந்துவிடுகிறது என்பதைச் செய்து காட்டினார். எலும்பைக்கூட மிருதுவாக்கிவிடும் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை 1682-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர்கள் உண்டு வியந்ததை ஜான் ஈவ்லின் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அழுத்தம் அளவு மீறிப் பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்கப் பாப்பின் அமைத்த எடை தாங்கிய வால்வுதான், நம் வீட்டுக் குக்கரின் தலையில் இன்றும் உட்கார்ந்திருக்கும் வெயிட்டுக்கு மூதாதை. இந்தியாவில் 1959-ஐ ஒட்டி இந்தப் பாத்திரங்கள் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியபின், பருப்புக்கு இத்தனை விசில், கறிக்கு இத்தனை விசில் என்று நம் அடுக்களையில் கால அளவே ஒலியால் கணக்கிடப்படலாயிற்று.

மின்சாரக் குக்கருக்கு அந்த ஒலி கிடையாது. சீனாவில் 1991-ல் யோங்-குவாங் வாங் என்பவர் காப்புரிமை கோரிய அமைப்பிலிருந்து கிளைத்து, 2010-ல் கனடாவின் ஆட்டவா நகரத்தில் ராபர்ட் வாங் குழுவினர் வெளியிட்ட இன்ஸ்டன்ட் பாட் மூலமாக உலகப் பிரசித்தி பெற்ற இந்தச் சாதனத்தில், உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் உணரும் கருவிகள் அடியிலும் பக்கத்திலும் பொருத்தப்பட்டிருக்கின்றன. வேண்டிய அளவை எட்டியதும் மின்சாரத்தைக் குறைத்தும், அளவு தாழ்ந்தால் மீண்டும் கூட்டியும், அவை தாமாகவே நிலைமையைக் காத்துக்கொள்ளுகின்றன. ஆகவே ஆவியை வெளியே பீய்ச்சி அறிவிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அடுப்பில் வைக்கும் குக்கர் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தை எட்டும். மின்சாரக் குக்கரோ பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டுக்குள் நின்று, 115 முதல் 117 டிகிரி வரையில்தான் போகும். விசிலை எண்ணிப் பழகியவர்கள் இதில் முதலில் சற்றுத் திகைப்பது இயல்பு. மூன்று விசில் என்பதற்கு இங்கே நேரான கணக்கு இல்லை. அழுத்தம் நிறைந்த பிறகு எத்தனை நிமிடம் என்பதே கணக்கு.

முட்டைக்கு அந்தக் கணக்கு மிக எளியது. உள்பாத்திரத்தில் ஒரு கப், அதாவது ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் தண்ணீர் விட்டு, அதோடு கொடுத்திருக்கும் கம்பித் தாங்கியின் மேல் முட்டைகளைத் தண்ணீர் படாதபடி அடுக்கி, மூடியைப் பூட்டி, அதிக அழுத்தத்தில் 5 நிமிடம் என்று குறித்துவிட வேண்டும். நேரம் முடிந்தபின் உடனே திறக்காமல் இன்னும் 5 நிமிடம் அழுத்தம் தானாகவே தணியும்படி விட்டு, அதன்பின் எஞ்சிய ஆவியை வெளியேற்றி, முட்டைகளை எடுத்து ஐஸ் போட்ட தண்ணீரில் 5 நிமிடம் ஆழ்த்தி வைத்தால் போதும். இம்மூன்று ஐந்துகளும் சேர்ந்து கால் மணி ஆகின்றன. அழுத்தம் ஏறுவதற்கு ஆகும் ஐந்தாறு நிமிடத்தையும் கூட்டினால், பழைய முறையைக் காட்டிலும் காலம் மிச்சமாகிறது என்று சொல்லுவதற்கில்லை. அவசரத்துக்காக இதை வாங்குகிறவர்கள் ஏமாற்றமே அடைவார்கள். அடுப்படியில் நின்று காக்க வேண்டாம் என்பதும், முட்டை ஓட்டை விட்டு விலகிவருகிறது என்பதுமே இதன் லாபம்.

அது ஏன் விலகிவருகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் ருசிகரமாகத் தோன்றும் பகுதி. முட்டையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துவாரங்கள் அதில் உண்டு. அதன் உட்புறத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒட்டியிருக்கின்றன. கோழி இட்ட அன்று வெள்ளைக்கருவில் கரியமிலவாயு கரைந்திருப்பதால், அதன் காரத்தன்மை குறைவாக, ஏறக்குறைய 7.6 என்ற அளவில் இருக்கும். நாள் செல்லச் செல்ல அந்த வாயு துவாரங்களின் வழியே மெல்ல வெளியேற, காரத்தன்மை 9-ஐத் தாண்டி உயர்கிறது. காரம் குறைந்த நிலையில், வேகும்போது வெள்ளைக்கரு உள்சவ்வை இறுகப் பற்றிக்கொள்ளுகிறது. காரம் மிகுந்தபின் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. வீட்டுக் கோழி காலையில் இட்ட முட்டையை மத்தியானமே வேகவைத்தால் உரிக்க வராமல் அடம்பிடிப்பதற்கும், நாமக்கல்லிலிருந்து லாரி ஏறிச் சில நாள் கழித்துக் கடைக்கு வரும் முட்டை ஓரளவு சாதுவாக உரிவதற்கும் இதுவே காரணம். புதியது என்பதே சிறப்பு என்று நாம் எந்தப் பதார்த்தத்தையும் போற்றுகிறோம். வேகவைத்து உரிக்க வேண்டிய முட்டை மட்டும் அதற்கு விலக்கு.

முட்டையின் வயது ஒரு காரணம் என்றால், உஷ்ணம் அதன்மேல் பாயும் வேகம் மற்றொரு காரணம். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு மெதுவாகச் சூடேற்றினால், வெள்ளைக்கரு நிதானமாக இறுகும்போதே சவ்வோடு பிணைந்துகொள்ளப் போதிய அவகாசம் பெற்றுவிடுகிறது. வெந்நீரிலோ ஆவியிலோ திடீரென்று பட்டால், ஓட்டை அடுத்துள்ள வெள்ளைக்கரு சட்டென்று இறுகித் தன்னுள் சுருங்கிக்கொள்ளுகிறது. பிணைவதற்கு நேரம் வாய்ப்பதில்லை. பலவகையாகப் பரிசோதித்துப் பார்த்த அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் கென்ஜி லோபெஸ்-ஆல்ட் என்பவரும், உரிவதற்கு முக்கியமானது சூடான ஆரம்பமே என்ற முடிவுக்குத்தான் வந்தார். குக்கரிலும் தொடக்கத்தில் தண்ணீர் குளிர்ந்துதானே இருக்கிறது என்று யாரேனும் கேட்கலாம். முட்டை அந்தத் தண்ணீருக்குள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாங்கியின் மேல் அது காற்றில் நிற்கிறது. கீழே உள்ள சொற்ப ஜலம் விரைவில் கொதித்து ஆவியாகும் வரையில் அதன்மேல் பெரிதாகச் சூடு ஏறுவதில்லை. ஏறும்போது ஒரேயடியாக ஏறுகிறது.

ஆவிக்கு அப்படி என்ன விசேஷ சக்தி? பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் கண்டுரைத்த மறைவெப்பம் என்னும் தத்துவத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி வெப்பம் போதும். ஆனால் அந்த 100 டிகிரித் தண்ணீரை ஆவியாக்குவதற்கு மேலும் 540 கலோரி செலவாகிறது. அந்த ஆவி, சூடேறாத முட்டை ஓட்டில் பட்டு மறுபடியும் நீர்த்துளியாகும் கணத்தில், தான் சுமந்துவந்த 540 கலோரியையும் ஓட்டின்மேல் இறக்கிவிடுகிறது. கொதிக்கும் தண்ணீரில் பத்து முட்டையைப் போட்டால் தண்ணீரின் சூடு உடனே தாழ்ந்துவிடும். ஆவியோ எங்கே குளிர்ச்சி உண்டோ அங்கே தேடிப்போய்ப் படிந்து, எல்லா முட்டைக்கும் ஒரே விதமாகச் சூட்டை வழங்குகிறது. தண்ணீரில் உப்புப் போடுவது, சோடா மாவு போடுவது என்னும் பழைய உபாயங்களுக்கு இங்கே வேலையே இல்லை. முட்டை தண்ணீரைத் தொடுவதில்லையே.

அழுத்தம் செய்வது இதற்கு மேல் ஒன்றுதான்: ஆவியின் உஷ்ணத்தை இன்னும் 15, 16 டிகிரி கூட்டித் தருகிறது. முட்டைக்கு அந்த அதிக உஷ்ணம் உண்மையில் தேவையற்றது. சொல்லப்போனால் சிறிது கெடுதலும்கூட. வெள்ளைக்கருவில் பாதிக்கு மேலான புரதம் 80 டிகிரியை ஒட்டி இறுகிவிடும். மஞ்சள்கரு 70 டிகிரிக்குள்ளேயே கெட்டியாகிவிடும். அதற்கு மேல் ஏறும் சூடு வெள்ளைக்கருவை ரப்பரைப்போல் விறைக்கச் செய்வதைத் தவிர வேறு நன்மை செய்வதில்லை. குறைந்த அழுத்தம் என்ற பிரிவு உள்ள குக்கரானால், நிமிடத்தைச் சற்றுக் கூட்டி அதையே உபயோகிப்பது உசிதம் என்று நான் கருதுகிறேன்.

நேரம் முடிந்தவுடன் வால்வைத் திருப்பி ஆவியை விடுவிக்கும் அவசரமும் ஆகாது. மூடிய குக்கருக்குள் இருக்கும் முட்டையின் உட்புற ஈரமும் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறியிருக்கக்கூடும். வெளியழுத்தம் திடீரென்று விழுந்தால் அந்த ஈரம் அங்கேயே கொதித்து ஆவியாக முயன்று, ஓட்டை விரிசல் காணச் செய்துவிடும். அந்த 5 நிமிடப் பொறுமை இதற்காகத்தான். ஆனால் அதைப் பத்து, பதினைந்து நிமிடமாக நீட்டிவிட்டால் வேறொரு தோஷம் வரும். வெள்ளைக்கருவிலுள்ள கந்தகம் நீண்ட சூட்டில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகி உள்நோக்கிப் போய், மஞ்சள்கருவிலுள்ள இரும்போடு கூடி, பசுஞ்சாம்பல் நிறமான வளையம் ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. அந்த வளையத்தால் உடம்புக்குத் தீங்கில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும்தான் அது உகந்ததாக இருப்பதில்லை. ஐஸ் தண்ணீரில் போட்டதும் ஓட்டின் பக்கம் குளிர்ந்து, வாயு உள்ளே போவதை விடுத்து வெளிப்புறமாக நகர்வதால், வளையம் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. சித்திரை, வைகாசியில் நம் குழாய்த் தண்ணீர் குளிர்ச்சி என்ற பெயருக்கே பாத்திரமாவதில்லை; அக்காலத்தில் ஐஸ் கட்டியைச் சேர்த்தே ஆகவேண்டும்.

அரைவேக்காடாக, மஞ்சள்கரு குழைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இந்தக் குக்கர் நம்பகமான துணை அன்று. அழுத்தம் ஏறுவதற்கு ஆகும் நேரம் முட்டையின் எண்ணிக்கையையும், தண்ணீரின் சூட்டையும், பாத்திரத்தின் கொள்ளளவையும் பொறுத்து மாறுகிறது; அந்த நேரத்திலும் முட்டை வெந்துகொண்டுதான் இருக்கிறது; மூடியோ திறந்து பார்க்க விடுவதில்லை. முழு வேக்காட்டுக்கு ஒரு நிமிடம் முன்பின் ஆனால் பாதகமில்லை. அரைவேக்காட்டுக்கு அந்த ஒரு நிமிடமே எல்லாம்.

அழுத்தம் மெய்யாகவே உதவும் இடம் ஒன்று உண்டு, அது மலைப்பிரதேசம். 1835-ல் சார்லஸ் டார்வின் ஆண்டிஸ் மலையின் போர்ட்டில்லோ கணவாயைக் கடந்தபோது, இராப்பொழுதெல்லாம் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகவில்லை என்றும், அவருடன் வந்தவர்கள் அது புதுப்பாத்திரத்தின் பிடிவாதம் என்று முடிவுகட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பிழை பாத்திரத்தினுடையதன்று, உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் தாழ்ந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். முட்டை அங்கேயும் வேகும். ஆனால் தாமதமாக வேகும். குக்கரின் அழுத்தம் அந்தக் குறையை நிரப்பி, உஷ்ணத்தை 110 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது; சமவெளியில் குறித்த நேரத்தோடு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டால் போதுமானது.

சமவெளியில் இருக்கும் நமக்கு, மின்சாரக் குக்கர் இல்லையே என்ற குறையே வேண்டியதில்லை. காரியம் ஆவியினுடையது என்றால், ஆவியில் சமைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக நம் வீட்டில் இருந்துவரும் பாத்திரம் இட்லிப் பானை. அடியில் தண்ணீர் விட்டு, மூடியைப் போட்டு, ஆவி நன்றாகப் பொங்கி வந்தபின், தட்டில் குழிக்கு ஒன்றாக முட்டைகளை வைத்து மூடிவிட வேண்டும். தண்ணீர் கொதிப்பதற்கு முன் முட்டையை வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. நடுத்தரமான முட்டை 12 நிமிடத்தில் முழு வேக்காடு வெந்துவிடும். அரைவேக்காடு வேண்டுவோர் ஆறேழு நிமிடத்தில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, காற்றறை இருக்கும் அகன்ற முனையில் தட்டி, தண்ணீருக்குள் வைத்தபடியே உரிக்கத் தொடங்கினால், சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் இடையே தண்ணீர் புகுந்து, ஓடு பெரிய பெரிய சில்லாகக் கழன்றுவரும். அன்றைக்கே செலவாகாத முட்டைகளை உரிக்காமல் ஓட்டோடு, வேகவைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், ஒரு வாரம் வரையில் கெடாமல் இருக்கும்.