இரைப்பை அழற்சியை அலட்சியம் செய்யாதீர்

பொழுது புலருமுன்னரே பால்வெட்டுக்குப் புறப்படும் தொழிலாளர்களில் பலர், ஒரு கோப்பை வரக்காப்பியை மட்டும் அருந்திவிட்டு, பால் எடுத்து நிறுத்துக் கொடுக்கும் வரையில் பசியாறுவதில்லை. மேல்வயிற்றில் எரிச்சல் கண்டால், "வெறும் கேஸ்டிரிக்தான், சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று கூறி இருந்துவிடுகின்றனர். வேளை தவறிய உணவு எரிச்சலை மிகைப்படுத்தக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் நோயின் மூலகாரணம் பெரும்பாலும் வேறாகும். அதனை அறிந்து நீக்கினாலன்றி எரிச்சல் மீண்டும் மீண்டும் வரும்.

இரைப்பை அழற்சி என்பது யாது?

உணவைச் செரிப்பதற்காக இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கின்றது. அவ்வமிலம் இரைப்பையையே அரித்துவிடாதவாறு உட்புறச் சவ்வும் அதன்மேல் படர்ந்த வழுவழுப்பான படலமும் காக்கின்றன. ரப்பர் மரத்துக்குப் பட்டை எவ்வாறோ, இரைப்பைக்கு இச்சவ்வு அவ்வாறே. கத்தி ஆழப் பாய்ந்தால் மரத்தில் காயம் விழுவதை நாம் அறிவோம். இச்சவ்வு பழுதுற்று வீங்குவதே அழற்சி; ஆழமாக அரிக்கப்பட்டால் அது புண்ணாகிவிடும்.

மேல்வயிற்று எரிச்சல் அல்லது வலி, குமட்டல், உப்பிசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு ஆகியன இதன் அறிகுறிகள். சிலருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றாது.

முக்கிய காரணங்கள் இரண்டு

முதலாவது, ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி. 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்தனர். 1984இல் மார்ஷல் இக்கிருமி கலந்த நீரைத் தாமே அருந்தி, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை மெய்ப்பித்தார். 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலேசியாவில் நடைபெற்ற ஆய்வுகளில், மலாய்க்காரர்களைவிட இந்தியரிடத்தும் சீனரிடத்தும் இக்கிருமி மிகுதியாகக் காணப்பட்டது. ஆதலின் நம்மவர் இதில் தனிக்கவனம் செலுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, வலி மாத்திரைகள். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஆஸ்பிரின், டைக்லோபினாக், மெபனமிக் அமிலம் போன்றவற்றை நாள்தோறும் விழுங்குவது இரைப்பையின் காப்பைக் குலைக்கும். கடைகளில் விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில் இரகசியமாக ஸ்டீராய்டு முதலியன கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. மதுவும் சவ்வைப் புண்படுத்தும்.

செய்ய வேண்டியவை

வெட்டுக்குச் செல்லுமுன் இரண்டு ரொட்டித் துண்டுகளேனும் உண்ணுங்கள். இடைவேளைக்குச் சிறிது உணவு கொண்டு செல்லுங்கள். புகையையும் மதுவையும் விலக்குங்கள். பால் அருந்தினால் எரிச்சல் சற்றே தணியும். பின்னர் அமிலம் மேலும் சுரக்கும். ஆகவே அது மருந்தாகாது.

எரிச்சல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ அடிக்கடி திரும்பினாலோ அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இருதய நோய்க்காக ஆஸ்பிரின் உண்பவர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. தேவைப்படின் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பி, குழாய்க் கருவியால் இரைப்பையைச் சோதிப்பர். கிருமி இருப்பது தெரிந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்துகளையும் பெரும்பாலும் 14 நாட்களுக்குத் தருவர். நான்காம் நாளிலேயே எரிச்சல் தணிந்தாலும் மருந்தை இடையில் நிறுத்தாதீர். எஞ்சிய கிருமி, பின்னர் அம்மருந்துக்குப் பணியாது போகலாம்.

உடனே மருத்துவமனை செல்க

மலம் தார்போல் கறுத்துப் போதல், இரத்தமாகவோ காப்பித்தூள் போன்றோ வாந்தியெடுத்தல், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்க இயலாமை ஆகியன அபாயக் குறிகள். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் கண்டு, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். "கேஸ்டிரிக்" என்றெண்ணிக் காலந்தாழ்த்தாதீர். 999 என்ற எண்ணை அழையுங்கள்.

ஒரு நாள் வேலை போகுமே என்று தயங்குவோர், இரத்தப்போக்கினால் பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேரலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.